ட்ரிக்கர் வரவில்லை, தப்பாக வருகிறது, தாமதமாக வருகிறது: அறிகுறியை வைத்துப் பிழை பிடிப்பது

மின்முனைப் பதிவு ஒரு கணினியில் ஓடும். படமோ ஒலியோ தரும் நிரல் இன்னொன்றில் ஓடும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள். "படம் வந்தது இப்போதுதான்" என்று பதிவுக்கருவிக்குத் தெரிவிப்பது அந்தக் கேபிளில் போகும் 5 வோல்ட் பல்ஸ்தான். அதைத்தான் ட்ரிக்கர் என்கிறோம். அது பிசகினால் அலை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. எங்கிருந்து வெட்டிச் சராசரி எடுப்பது?

8 பிட் பேரலல் போர்ட்டையோ (பழைய பிரிண்டர் போர்ட்), அதற்குப் பதிலாக ஆர்டுயினோ மாதிரி நிரல் எழுதக்கூடிய சின்ன யுஎஸ்பி பெட்டியையோ வைத்து ஈஈஜி (தலையில் மின்முனை வைத்து மூளை அலையைப் பதிவது) எடுப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நுண்மின்முனையால் நியூரான் பதிவு செய்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம். நிரல் எழுதும் பதிவேட்டில் "ட்ரிக்கர் 15 அனுப்பப்பட்டது" என்று இருந்தால், நிரல் அந்த வரியைக் கடந்தது என்று மட்டுமே பொருள். கேபிளில் என்ன போனது, ஆம்ப்ளிஃபயர் (அலையைப் பெருக்கிப் பதியும் கருவி) எதைப் பார்த்தது என்பதெல்லாம் வேறு கதை. ஆகவே எந்தப் பிழையானாலும் பதிவான கோப்பைத் திறந்து, மூல ட்ரிக்கர் சேனலைக் கண்ணால் பாருங்கள். மென்பொருள் எடுத்துக் கொடுக்கும் நிகழ்வுப் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ட்ரிக்கர்கூட வரவில்லை

நிரலில் 255 எழுதி (எட்டு பிட்டும் உயர்நிலை), அப்படியே நிறுத்தி வையுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 25 பின் கனெக்டரின் 18 முதல் 25 வரையுள்ள ஏதாவது ஒரு கிரவுண்டு பின்னில் வையுங்கள். சிவப்பு முனையை 2 முதல் 9 வரை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். அவைதான் எட்டு டேட்டா பின்கள். எட்டிலும் 3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் கணினிப் பக்கம் சரி. கேபிளையும் ஆம்ப்ளிஃபயர் அமைப்பையும் பாருங்கள்.

எதிலும் வோல்ட்டேஜ் இல்லையென்றால் பெரும்பாலும் முகவரிதான் தப்பு. மதர்போர்டிலேயே இருக்கும் பழைய போர்ட்டின் முகவரி வழக்கமாக ஹெக்ஸில் 378, தசமத்தில் 888. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பலவற்றிலும் இதுதான் இருக்கும். நீங்கள் வாங்கிச் செருகிய பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு பெரும்பாலும் அந்த முகவரியில் இருக்காது. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டைத் திறந்து, ரிசோர்ஸஸ் பக்கத்தில் உள்ள எண்ணை எடுத்துப் போடுங்கள்.

முகவரி சரியாக இருந்தும் வரவில்லையா? பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) போர்ட் எந்த முறையில் இருக்கிறது என்று பாருங்கள். இருவழி முறையில், டேட்டா பின்கள் உள்வாங்கும் திசைக்குத் திரும்பிக் கிடந்தால் நீங்கள் எழுதுவது வெளியே வராது.

யுஎஸ்பி-பேரலல் பிரிண்டர் கேபிள் வாங்கி வைத்துக்கொண்டு போராடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது பிரிண்டருக்கு மட்டுமே ஆனது. அதற்கு நேரடியாக எழுதக்கூடிய போர்ட் முகவரியே கிடையாது. ட்ரிக்கருக்கு உதவாது, எடுத்து வைத்துவிடுங்கள்.

வருகிறது, ஆனால் எண் தப்பு

இது வளமான இடம். தப்பான எண்ணே எங்கே தப்பு என்று சொல்லிவிடும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை 600 ஒலிகள் கொண்ட சோதனை. வழக்கமான ஒலிக்கு 11, அபூர்வமாக வரும் மாறுபட்ட ஒலிக்கு 15. பதிவு முடிந்து பார்த்தால் 600-உம் 11. நிரல் எழுதிய மாணவியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டோம், நானும் சேர்த்து. அவர் பதிவேட்டைக் காட்டினார். 15 அனுப்பியதாகச் சரியாகவே இருந்தது. இரண்டு எண்களையும் பிட்டுகளாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. 15 என்பது 8, 4, 2, 1. 11 என்பது 8, 2, 1. நடுவில் 4 மட்டும் காணோம். கனெக்டரின் மூடியைக் கழற்றினால், 4-ஆம் பின்னில் பற்றவைத்த கம்பி விட்டுப்போய்ச் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. 2-ஆம் பின் 1-க்கு, 3-ஆம் பின் 2-க்கு, 4-ஆம் பின் 4-க்கு என்று போவதால், போனது எந்தக் கம்பி என்பதில் சந்தேகமே இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று எட்டு ட்ரிக்கர்கள், அரை நொடி இடைவெளியில் அனுப்புகிறோம். நான்கு நொடி வேலை. எட்டும் அனுப்பிய எண்ணாகவே வந்தால் எட்டுக் கம்பியும் உயிரோடு இருக்கின்றன. ஒன்று மட்டும் வராவிட்டால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது. 1 அனுப்பினால் 128, 2 அனுப்பினால் 64 என்று வந்தால், கேபிள் செய்தவர் வரிசையைத் தலைகீழாகப் பற்றவைத்திருக்கிறார். 1 அனுப்பினாலும் 2 அனுப்பினாலும் 3 வந்தால் அந்த இரண்டு பின்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.

இன்னும் சில எண்கள் பழக்கப்பட்டவர்களுக்கு முகம் பார்த்தே தெரியும்.

49, 50, 51: நீங்கள் 1, 2, 3 அனுப்ப நினைத்து, சீரியல் போர்ட்டில் எழுத்துகளாக அனுப்பிவிட்டீர்கள். '1' என்ற எழுத்தின் ஆஸ்கி எண் 49. எழுத்தாக இல்லாமல் பைட்டாக அனுப்புங்கள்.

65281, 65282: பயோசெமி நிறுவனத்தின் ஈஈஜி கருவி வைத்திருப்பவர்களுக்குப் பழகிய எண். அதன் ஸ்டேட்டஸ் சேனல் 24 பிட். கீழ் 16 பிட் ட்ரிக்கருக்கு, மேல் 8 பிட் கருவியின் சொந்த நிலைக்கு. நீங்கள் இணைத்திருப்பது எட்டுக் கம்பிதான். இணைக்காத மற்ற எட்டும் உயர்நிலையில் நிற்பதால் 65280 கூடிவிடுகிறது. பழுது எதுவும் இல்லை. படிக்கும்போது 255 என்ற முகமூடி போட்டு, கீழ் எட்டு பிட்டை மட்டும் எடுங்கள். எம்என்இ என்ற பகுப்பாய்வு மென்பொருளில் நிகழ்வு தேடும் செயல்பாட்டிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

சில நேரம் மட்டும் தப்பு: 3 அனுப்பினால் பெரும்பாலும் 3, எப்போதாவது 1. ஆர்டுயினோ ஊனோவில் டிஜிட்டல்ரைட் கட்டளையை எட்டுப் பின்னுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் சில மைக்ரோசெகண்டு எடுக்கும். எட்டும் முடிய 30 மைக்ரோசெகண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2048 ஹெர்ட்ஸில் பதிவு செய்தால் ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் நடுவே 488 மைக்ரோசெகண்டு. நூற்றுக்கு ஆறு முறை, பாதி எழுதிய எண்ணின் மேல் சாம்பிள் விழுந்துவிடும். பல பின்களைச் சேர்த்து ஆளும் போர்ட் ரெஜிஸ்டரில் ஒரே கட்டளையாக எழுதினால் இது போய்விடும். ஊனோவில் 0, 1 பின்கள் சீரியலுக்குப் போய்விடுவதால் எட்டும் ஒரே ரெஜிஸ்டரில் அமையாது. 6 பிட்டோடு திருப்திப்படுவது எளிது. 63 வரை எண்கள் போதாதா என்ன?

சில ட்ரிக்கர்கள் காணாமல் போகின்றன

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏறக்குறையப் பாதி போயிருந்தால் பல்ஸ் அகலம்தான் காரணம். 500 ஹெர்ட்ஸ் பதிவு என்றால் கருவி 2 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் கண் திறந்து பார்க்கிறது. 1 மில்லிசெகண்டு பல்ஸ் அந்த இடைவெளியில் வந்துபோக இரண்டில் ஒரு வாய்ப்பு. 10 மில்லிசெகண்டாக நீட்டுங்கள். அதைவிடக் குறைக்க ஒரு காரணமும் இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

வேகமாக அடுத்தடுத்து வரும் ட்ரிக்கர்களில் மட்டும் இரண்டாவது போகிறதா? முதல் எண்ணை 0-க்கு இறக்காமலே அடுத்ததை எழுதுகிறீர்கள். 0-லிருந்து ஏறுவதை மட்டும் நிகழ்வாகக் கருதும் மென்பொருளுக்கு 1-லிருந்து 2-க்குப் போவது கண்ணில் படாது. இரண்டுக்கும் நடுவே 0 எழுதிச் சில சாம்பிள் நேரம் விடுங்கள்.

ஒவ்வொரு பதிவிலும் முதல் சில ட்ரிக்கர்கள் மட்டும் போகின்றனவா? ஆர்டுயினோ ஊனோவாகத்தான் இருக்கும். சீரியல் போர்ட்டைத் திறந்ததுமே அந்தப் போர்டு தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். விழித்து எழ ஒன்றிரண்டு நொடி ஆகும். போர்ட்டைத் திறந்தபின் நிரலை 2 நொடி காக்க வையுங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒன்றிரண்டு மட்டும் போனால் வோல்ட்டேஜைச் சந்தேகப்படுங்கள். கருவிகளின் டிஜிட்டல் உள்ளீடுகளில் டிடிஎல், சிமாஸ் என்று இரண்டு வகை உண்டு. டிடிஎல் உள்ளீட்டுக்கு 2 வோல்ட் இருந்தாலே உயர்நிலை. 5 வோல்ட் சிமாஸ் உள்ளீட்டுக்கு 3.5 வோல்ட் வேண்டும். டீன்சி, ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்ற சின்ன போர்டுகள் தருவது 3.3. அது எல்லைக்கோட்டில் நிற்கும் பல்ஸ். ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. நடுவில் 74ஹெச்சிடி244 பஃபர் (சிக்னலை வலுப்படுத்தி 5 வோல்ட்டாகத் தரும் சிப்) ஒன்று போட்டால் தீர்ந்தது.

அதே பஃபர் இன்னொரு நோய்க்கும் மருந்து. ஒரே ட்ரிக்கரை பிஎன்சி 'டி' இணைப்பு வைத்து ஈஈஜி, ஐ டிராக்கர் (கண் அசைவைப் பதிவது), ஸ்டிமுலேட்டர் (தூண்டல் தருவது) என்று மூன்றுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதில் ஒன்றின் உள்ளீடு 50 ஓம் என்றால் 5 வோல்ட்டுக்கு 100 மில்லிஆம்பியர் கேட்கும். ஊனோவின் ஒரு பின்னுக்கு உச்சவரம்பே 40. பல்ஸ் படுத்துவிடும். தனித்தனியாக இணைத்துப் பார்த்தால் மற்ற இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும். மூன்றும் சேர்ந்தால் ஒன்றும் வராது. இதுதான் அடையாளம்.

கடைசியாக, பதிவில் எல்லாம் இருந்து, பகுப்பாய்வில் மட்டும் குறைந்தால்? சாம்ப்ளிங் வேகத்தைக் குறைத்தபின் நிகழ்வுகளைத் தேடியிருக்கிறீர்கள். நான்கில் ஒரு சாம்பிளை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போட்டால், ஒரு சாம்பிள் அகல ட்ரிக்கர்கள் அதோடு போய்விடும். நிகழ்வுகளை முதலில் எடுங்கள், வேகத்தை அப்புறம் குறையுங்கள்.

அனுப்பாத ட்ரிக்கர்கள் வருகின்றன

கேபிளின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் எண் மாறுகிறதா? ஏசி கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது வருகிறதா? எங்கும் இணைக்கப்படாத பின்கள் ஆன்டெனாவாக வேலை செய்கின்றன. ஒவ்வொரு டேட்டா கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோஓம் மின்தடை போட்டுக் கீழே இழுத்துப் பிடியுங்கள். கணினி தொடங்கும்போது மட்டும் வந்தால் கவலை வேண்டாம். கணினி முழுக்க எழுந்தபின் பதிவைத் தொடங்கினால் போதும்.

எல்லா ட்ரிக்கரும் ஒரே அளவு தள்ளி வருகின்றன

எவ்வளவு தள்ளி என்று அளக்க ஃபோட்டோடயோடு (ஒளியை உணரும் சின்ன உறுப்பு) வேண்டும். திரையில் படம் வரும் அதே ஃபிரேமில் ஒரு வெள்ளைச் சதுரத்தையும் காட்டி, அதன் மேல் ஃபோட்டோடயோடை ஒட்டி, அதன் வெளியீட்டை அதே ஆம்ப்ளிஃபயரின் துணைச் சேனலில் பதிவு செய்யுங்கள். ட்ரிக்கரும் ஒளியும் ஒரே கடிகாரத்தில் பதிவாகிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் தாமதம். ஒரு எச்சரிக்கை: மின்சாரத்தில் ஓடும் எதையும் மின்முனை உள்ளீட்டில் நேரடியாகச் செருகாதீர்கள். அந்தப் பக்கம் ஒரு மனிதர் இணைக்கப்பட்டிருக்கிறார். துணைச் சேனலுக்கு என்று கருவியோடு வரும், தனிமைப்படுத்தப்பட்ட இணைப்பை மட்டும் பயன்படுத்துங்கள்.

சதுரத்தை மேல் மூலையில் வைத்து, படத்தை நடுவில் காட்டினால் அளவே தப்பாகிவிடும். 60 ஹெர்ட்ஸ் திரை மேலிருந்து கீழே வரைய ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்டு எடுக்கிறது. நடுப்பகுதி மேல் மூலையைவிட 8 மில்லிசெகண்டு பிந்தும். சதுரம் படத்தின் உயரத்திலேயே ஓரமாக இருக்கட்டும். திரை வெளிச்சத்தை முழு அளவில் வையுங்கள். குறைத்து வைத்தால் பல எல்சிடி திரைகள் பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றும். ஃபோட்டோடயோடில் பல் பல்லாக வந்து, எங்கே தொடக்கம் என்றே தெரியாது.

தாமதம் 10 மில்லிசெகண்டு, உங்கள் பல்ஸ் அகலமும் 10 மில்லிசெகண்டு. தற்செயலா? பல்ஸை 25 ஆக்கிப் பாருங்கள். தாமதமும் 25 ஆனால் துருவம் தலைகீழ்: கருவி பல்ஸின் தொடக்கத்துக்குப் பதில் முடிவைப் பிடிக்கிறது. நடுவில் ஆப்டோகப்ளர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் சிப்) போட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், பல சுற்றுகளில் அது சிக்னலைத் தலைகீழாக்கித்தான் தரும். பதிவு மென்பொருளில் ஏறுமுகம், இறங்குமுகம் என்று தேர்வு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

துருவம் சரியாக இருந்தும் நிலையான தாமதம் இருந்தால், திரை தன் பங்குக்குத் தாமதிக்கிறது. அதைத் துரத்தவே வேண்டாம். 23 மில்லிசெகண்டு என்றால், பகுப்பாய்வில் 23-ஐக் கழித்துவிட்டு வேலையைப் பாருங்கள். திரையை மாற்றினால் மறுபடி அளக்க மறக்காதீர்கள்.

தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி

நிலையான தாமதத்தைக் கழிக்கலாம். ஆடும் தாமதத்தைக் கழிக்க முடியாது. பி300 (தூண்டலுக்குப் பின் ஏறக்குறைய 300 மில்லிசெகண்டில் வரும் மூளை அலை) போன்ற அகலமான அலை கொஞ்சம் ஆட்டத்தைத் தாங்கும். முதல் 10 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும் மூளைத்தண்டுச் செவி எதிர்வினையோ, 2 மில்லிசெகண்டு ஆட்டத்திலேயே கரைந்துபோகும்.

ஆட்டம் 0 முதல் 16.7 வரை பரவியிருந்தால், படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் ஃபிளிப் கட்டளைக்கு முன்பே ட்ரிக்கரை அனுப்புகிறீர்கள். திரையின் அடுத்த புதுப்பிப்பு வரை படம் காத்திருக்கிறது, ட்ரிக்கர் காத்திருக்கவில்லை. சோதனை நிரல் எழுத உதவும் சைக்கோபை மென்பொருளில் கால்ஆன்ஃபிளிப் வழியாக அனுப்புங்கள். நிரல் ஜன்னலில் ஓடினால் முழுத்திரைக்கு மாற்றுங்கள். ஆட்டம் ரம்பப்பல் மாதிரி மெல்ல ஏறி, சட்டென்று விழுந்து, மறுபடி ஏறினால், இரண்டு திரைகள் நகல் முறையில் ஓடுகின்றன. நிரல் ஒன்றின் தாளத்துக்கு ஆடுகிறது, பங்கேற்பாளர் பார்ப்பது இன்னொன்றை. ஆய்வாளர் பார்க்கும் திரையைப் பிடுங்கிவிட்டு அளந்து பாருங்கள்.

ஒலியில் ஆட்டம் என்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. ஸ்டீரியோ கோப்பின் இடது பக்கம் ஒலி, வலது பக்கம் ஒலி தொடங்கும் அதே சாம்பிளில் ஒரு கூர்மையான பல்ஸ். இரண்டும் ஒரே சவுண்டு கார்டிலிருந்து சேர்ந்தே வெளியே வரும். கணினி எவ்வளவு திணறினாலும் அவற்றுக்குள் இடைவெளி மாறாது. இடதை இரண்டு காதுக்கும் பிரித்துக் கொடுங்கள். வலதைத் துணைச் சேனலில் பதியுங்கள். சவுண்டு கார்டு வெளியீடு டிடிஎல் அளவுக்கு வராது என்பதால், ட்ரிக்கர் போர்ட்டுக்கே அனுப்ப வேண்டுமானால் நடுவில் கம்பாரேட்டர் (சிக்னல் ஓர் அளவைத் தாண்டியதும் முழு பல்ஸ் தரும் சிப்) வேண்டும். ப்ளூடூத் ஹெட்ஃபோனை மட்டும் இந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

தொடக்கத்தில் சரி, போகப்போக விலகுகிறது

இரண்டு கருவிகள், இரண்டு கடிகாரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குவார்ட்ஸ் படிகம், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு வேகம். பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்பது சாதாரணம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் நிமிடத்துக்கு 1.2 மில்லிசெகண்டு, ஒரு மணி நேரத்தில் 72. தொடக்கத்தில் ஒரே ஒரு பல்ஸ் கொடுத்து "ஒத்திசைத்துவிட்டேன்" என்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

பதிவு முழுக்க இரண்டு கருவிகளுக்கும் ஒரே பல்ஸ் போக வேண்டும். நியூரோபிக்சல்ஸ் என்ற நுண்மின்முனையைப் பயன்படுத்துவோரின் ஸ்பைக்ஜிஎல்எக்ஸ் மென்பொருளில் 1 ஹெர்ட்ஸ் சதுர அலை இதற்காகவே இருக்கிறது. பிறகு ஒரு கருவியின் பல்ஸ் நேரங்களை மற்றதன் நேரங்களுக்கு எதிரே வரைந்து, ஒரு நேர்கோட்டைப் பொருத்துங்கள். சீரான பல்ஸில் ஒரு சிக்கல்: ஒரு கருவி தாமதமாகத் தொடங்கியிருந்தால் இதன் முதல் பல்ஸ் அதன் எத்தனையாவது என்று தெரியாது. இடைவெளியை ஒழுங்கில்லாமல் மாற்றிக்கொண்டே அனுப்பினால் இடைவெளிகளின் வரிசையே அடையாளமாகிவிடும்.

கோட்டைப் பொருத்தியபின், புள்ளிகள் அதிலிருந்து விலகும் மிச்சத்தை வரைந்து பாருங்கள். ஒரு சாம்பிளுக்குள் அடங்கினால் நல்லது. நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு தாவல் இருந்தால் கடிகாரத்தின் மேல் பழி போடாதீர்கள். அந்த இடத்தில் சாம்பிள்கள் தொலைந்திருக்கின்றன. கம்பியில்லா ஈஈஜியில் பாக்கெட் விட்டுப்போவது இப்படித்தான் தெரியும். தாவலுக்கு முன் ஒரு கோடு, பின் ஒரு கோடு என்று தனித்தனியாகப் பொருத்த வேண்டியதுதான்.

சராசரி அலையில் 0-வில் ஒரு முள், 10 மில்லிசெகண்டில் இன்னொரு முள்

மூளை அவ்வளவு கூராக எதையும் செய்யாது. ட்ரிக்கர் கேபிள் மின்முனைக் கம்பிகளோடு ஒட்டிப் போகிறது. பல்ஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் நிழல் விழுகிறது. பல்ஸ் அகலத்தை 30 ஆக்குங்கள். இரண்டாவது முள்ளும் 30-க்கு நகர்ந்தால் உறுதி. கேபிள்களைப் பிரித்து வையுங்கள். தாண்டியே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டட்டும்.

ட்ரிக்கர் கேபிளைச் செருகியதும் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் ஏறினால் அது கிரவுண்டு லூப்: இரண்டு கருவிகளின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆப்டோகப்ளர் வழியாக இணைத்து இரண்டு கிரவுண்டுகளையும் பிரியுங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போகிறது என்று ஒருவர் உங்களிடம் கட்டாயம் சொல்வார். செய்யாதீர்கள்.

பங்கேற்பாளரின் பதில் நேரங்கள் 16 மில்லிசெகண்டு படிகளாக வருகின்றன

ட்ரிக்கர் பக்கம் எல்லாம் சரி, பட்டன் பெட்டியிலிருந்து வரும் நேரங்கள் மட்டும் கும்பல் கும்பலாக விழுகின்றன. பெட்டிக்குள் எஃப்டிடிஐ சிப் (யுஎஸ்பியைச் சீரியல் போர்ட்டாக மாற்றுவது) இருந்தால், அதன் லேட்டன்சி டைமர் தொடக்கத்தில் 16 மில்லிசெகண்டு. டிவைஸ் மேனேஜரில் அந்தக் காம் போர்ட்டின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் 1 ஆக்குங்கள். ட்ரிக்கர் அனுப்புவதற்கும் இதைச் செய்யச் சொல்பவர்கள் உண்டு. அந்த டைமர் கணினிக்குள் வரும் தரவைத்தான் காக்க வைக்கிறது, வெளியே போவதை அல்ல. செய்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. பெட்டியை வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகினால் மதிப்பு 16-க்கே திரும்பிவிடக்கூடும். எங்கள் கணினியில் அந்தப் போர்ட்டின் மேல் சிவப்பு டேப் ஒட்டி, "பட்டன் மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறோம். அப்படியும் வாரம் ஒருமுறை யாராவது அதில் பென் டிரைவ் செருகிவிடுகிறார்கள்.